ஒன்றரை அங்குல வாசல்

ஓஹையோ மாநிலத்தில், கொலம்பஸ் நகரத்துக்கு வடக்கே எங்கள் வீடு இருக்கிறது. கொல்லைப்புறத்தை ஒட்டி ஒரு புல்வெளியும், அதற்கு அப்பால் சோயாவும் மக்காச்சோளமும் ஆண்டு மாற்றி ஆண்டு விளையும் வயலும் உண்டு. புல்வெளியின் ஓரத்தில், தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில், இரும்புக் கம்பம் ஒன்றின் மேல் செடார் மரப்பலகையால் செய்த சிறு பெட்டி ஒன்று நிற்கிறது. அதன் முகப்பில் ஒன்றரை அங்குல விட்டத்தில் ஒரு வட்டத் துளை. பிப்ரவரி கடைசியில் தொடங்கி ஆகஸ்ட் நடுப்பகுதி வரைக்கும், வீட்டில் எந்த வேலையில் இருந்தாலும் என் கண் சமையலறைச் சன்னல் வழியாக அந்தத் துளைக்குத்தான் போகும். ஏழு ஆண்டுகளாக இப்படித்தான்.

அந்தத் துளைக்குள் குடிவருவது ஈஸ்டர்ன் புளூபேர்ட். நீலப்பறவை என்றே நான் அதைச் சொல்கிறேன். நம் சிட்டுக்குருவியைவிடச் சற்றுப் பெரியது. எடை ஏறத்தாழ 30 கிராம். ஆணின் முதுகும் வாலும் ஆழ்ந்த நீலம், மார்பு செங்கல் நிறம், வயிறு வெள்ளை. பெண்ணுக்கு அதே வண்ணங்கள் சாம்பல் தடவியதுபோல் மங்கியிருக்கும். அந்த நீலம் சாயத்தால் வருவதில்லை, இறகின் நுண்ணிய அமைப்பில் ஒளி சிதறுவதால் தோன்றுவது. அதனால் மேகம் கவிந்த காலையில் வேலிமேல் பழுப்பாக உட்கார்ந்திருக்கும் பறவை, வெயில் பட்ட மறுநொடியில் நீலமாகிவிடும். அமெரிக்கன் ராபின் இருக்கும் பூங்குருவிக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் இதுவும் என்றாலும், இதன் பாட்டு உரத்ததன்று. தொண்டைக்குள்ளேயே வைத்துக்கொண்டு மூன்று நான்கு சுரங்களை மெல்லச் சொல்லிப் பார்ப்பதுபோல் இருக்கும். சன்னல் சாத்தியிருந்தால் காதில் விழாது.

மார்ச் மாதத்தில் ஆண்பறவை பெட்டியின் மேல் வந்து உட்கார்ந்து, ஒற்றைச் சிறகை மட்டும் உயர்த்தி ஆட்டும். வாயில் ஒரு புல்லை வைத்துக்கொண்டு துளைக்குள் தலையை விடும், வெளியே வரும், மறுபடி தலையை விடும். கூடு கட்டுவதற்காக அல்ல. ‘இதோ இடம் இருக்கிறது’ என்று பெண்ணுக்குக் காட்டுவதற்காக. பெண் உள்ளே போய்ப் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகு, கட்டும் வேலை முழுவதும் அவளுடையது. காய்ந்த மெல்லிய புல்லால் கிண்ணம்போல் கட்டி, நாளுக்கு ஒன்றாக நான்கு அல்லது ஐந்து முட்டைகள் இடுவாள். முட்டைகளும் வெளிர்நீலம், அரிதாக வெள்ளையாகவும் இருக்கும்.

இவ்வளவும் பெட்டிக்குள் நடக்க வேண்டிய தேவை என்ன என்று கேட்பவர்கள் உண்டு. நீலப்பறவையின் அலகு மரத்தைக் குடையும் வலிமை உடையது அல்ல. மரங்கொத்தி குடைந்து, வசித்து, விட்டுப்போன பொந்துதான் அதற்கு வீடு. பட்ட மரங்களை வெட்டித் தள்ளினோம். பண்ணைகளில் உளுத்துப் பொந்து விழுந்து நின்ற மர வேலிக்கால்களை எடுத்துவிட்டு இரும்புக் கால்களை நட்டோம். வயல்களில் பூச்சிமருந்து தெளித்தோம். இவற்றோடு ஐரோப்பாவிலிருந்து கொண்டுவரப்பட்ட இரண்டு பறவைகளும் சேர்ந்துகொண்டன. ஒன்று 1850களின் தொடக்கத்தில் புரூக்ளினில் கொண்டுவந்து விடப்பட்ட சிட்டுக்குருவி. மற்றொன்று 1890 இல் யூஜின் ஷிஃபலின் என்பவர் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் திறந்துவிட்ட ஸ்டார்லிங், நம் மைனாவின் உறவுக்காரப் பறவை. இரண்டும் பொந்தில் முட்டையிடுபவை, இரண்டும் சண்டைக்கு அஞ்சாதவை. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் நீலப்பறவை பல ஊர்களில் முதியவர்களின் நினைவில் மட்டும் இருந்தது.

அதை மீட்டவர்கள் கையில் ரம்பமும் ஆணியும் வைத்திருந்த சாதாரண மனிதர்கள். 1930களில் இல்லினாய் மாநிலத்தின் குயின்சி நகரில் தாமஸ் மஸல்மன் என்பவர் கிராமச் சாலைகளின் ஓரமாக வரிசையாகப் பெட்டிகளை வைத்து, அவற்றை முறையாகத் திறந்து பார்த்துக் குறிப்பெடுத்தார். மேரிலாந்தில் வேளாண்மைத் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற லாரன்ஸ் செலினி, 1978 இல் வட அமெரிக்க நீலப்பறவைச் சங்கத்தைத் தொடங்கினார். இன்று நியூயார்க், மிசௌரி ஆகிய இரண்டு மாநிலங்களின் பறவை இதுதான். எங்கள் பக்கத்துத் தெருக்களிலும் சாதாரணமாகக் காணலாம். ஆனால் அந்தச் ‘சாதாரணம்’ ஆயிரக்கணக்கானவர்கள் வாரந்தோறும் பெட்டியைத் திறந்து பார்ப்பதால் நிற்பது. இதை நான் கற்றுக்கொள்ள மூன்று ஆண்டுகள் ஆயின. அதற்கு இரண்டு கூடுகள் விலையாகப் போயின.

முதல் கூடு அறியாமையால் போனது. பறவைப் பெட்டி என்று ஒரு கடையில் கண்ட அழகான பொருளை வாங்கி வந்து மேப்பிள் மரத்தில் ஆணியடித்துத் தொங்கவிட்டேன். சிவப்புச் சாயம் பூசிய கூரை, துளைக்குக் கீழே உட்காருவதற்கு ஒரு குச்சி, கால் அங்குலம்கூடக் கனமில்லாத பலகை, திறப்பதற்குக் கதவே இல்லை. ஏப்ரலில் கறுப்புத் தொப்பி போட்டதுபோன்ற சிக்கடிப் பறவைகள் இரண்டு அதில் பாசியைக் கொண்டுபோய்ச் சேர்த்தன. மே மாதத்தில் பகல் முழுவதும் புழுவோடு உள்ளே போவதும் வெறும் அலகோடு வெளியே வருவதுமாக இருந்தன. ஒரு விடியற்காலையில் கூரைப்பலகை தரையில் கிடந்தது. மரத்தடியில் பாசி சிதறியிருந்தது. இரவில் ரக்கூன் என்ற விலங்கு மரமேறி, கூரையைப் பிய்த்து, கையை உள்ளே விட்டிருக்கிறது. அதற்கு ஐந்து விரல்கள், மனிதக் கையைப் போலவே துழாவும். பெற்றோர் இருவரும் மதியம் வரைக்கும் வாயில் புழுவோடு அந்தக் கிளையைச் சுற்றிக்கொண்டிருந்தனர்.

அன்றைக்குத்தான் ஒன்று புரிந்தது. பெட்டியைத் தொங்கவிடும்போது நான் ஒரு பறவைக்கு இடம் கொடுக்கவில்லை. இங்கே வா, பத்திரமாக இருப்பாய் என்று சொல்லி அழைத்திருக்கிறேன். பொய் சொல்லி அழைத்துவிட்டேன். அது தானாகத் தேடிக்கொண்ட பொந்தாக இருந்திருந்தால், எந்த விலங்குக்கும் தெரியாத ஓர் இடத்தில் இருந்திருக்கக்கூடும். மனிதன் வைத்த பெட்டியோ ஒவ்வோர் ஆண்டும் அதே இடத்தில் இருக்கிறது. ஒருமுறை ருசி கண்ட ரக்கூன் மறப்பதில்லை.

இரண்டாம் ஆண்டு குளிர்காலத்தில் நானே பெட்டி செய்தேன். முக்கால் அங்குலக் கனமுள்ள, சாயமோ மருந்தோ ஏற்றாத செடார் பலகை. உள்ளே தரை ஐந்துக்கு ஐந்து அங்குலம். துளைக்கும் தரைக்கும் இடையே ஆறு அங்குல ஆழம், ஏனென்றால் வெளியிலிருந்து கையை விடும் விலங்குக்குக் கூடு எட்டக்கூடாது. கூரை முன்பக்கம் நீண்டு துளைக்கு மழையும் வெயிலும் படாமல் மறைக்க வேண்டும். பக்கச்சுவர்களின் மேல்விளிம்பில் காற்றுப் போக இடைவெளி, தரையின் மூலைகளில் நீர் வடியத் துளைகள், குஞ்சு நகம் பற்றி ஏறிவர உள்முகப்பில் ரம்பத்தால் கீறிய படிகள், ஒரு பக்கச்சுவர் கதவாகத் திறக்கும்படி கீல். வெளியே குச்சி கூடாது. பொந்தில் வாழும் பறவைக்கு அது தேவையே இல்லை, சண்டைக்கு வரும் பறவைக்குத்தான் அது வசதி.

பெட்டியைவிட முக்கியம் அது நிற்கும் கம்பம். மரத்தில் ஆணியடித்த பெட்டிக்குப் பாதுகாப்பே கிடையாது. வழவழப்பான இரும்புக் கம்பத்தை நட்டு, எட்டு அங்குல விட்டமும் இரண்டடி நீளமும் கொண்ட தகரக் குழாயை, அடுப்புப் புகைபோக்கிக்காக விற்கும் அதே குழாயைத்தான், பெட்டிக்குக் கீழே கம்பத்தைச் சுற்றித் தொங்கவிட்டேன். குழாயின் மேல்வாயைக் கம்பிவலையால் அடைக்க வேண்டும். கம்பத்தில் சுற்றி ஏறிவரும் பாம்பு குழாய்க்குள் புகுந்து மேலே போகும், வலை வழிமறிக்கும், திரும்பி இறங்கிவிடும். ரக்கூனும் பூனையும் குழாயைக் கட்டிப்பிடிக்க முடியாமல் வழுக்கி விழும். கம்பத்தில் கிரீஸ் தடவினால் போதும் என்று சொல்பவர்கள் உண்டு, செய்யாதீர்கள். அது சில நாட்களில் காய்ந்துபோகும், அதற்குள் பறவையின் இறகில் பட்டால் இறகு வீணாகிவிடும். கம்பத்துக்குப் பக்கத்தில் தாவி ஏறும் தூரத்தில் மரமோ வேலியோ இருக்கவும் கூடாது. என் பெட்டிக் கம்பத்தின் அடியில் சாரைப்பாம்பைப் போன்ற ஒரு நீண்ட கரும்பாம்பை இரண்டு முறை பார்த்திருக்கிறேன். இரண்டு முறையும் அது பசியோடுதான் திரும்பியது; அதன் மேல் எனக்குக் கோபமில்லை.

அந்த ஆண்டு மார்ச்சில் நீலப்பறவைகள் வந்தன. ஒரு தலைமுறை நன்றாகப் பறந்து போயிற்று. தகைவிலான் இனத்தைச் சேர்ந்த ட்ரீ ஸ்வாலோவும் அதே பெட்டியைக் கேட்டு வட்டமிட்டது. இருபதடி தள்ளி இன்னொரு பெட்டியை வைத்தவுடன் சண்டை தீர்ந்தது. ஒரே இனப் பறவைகள் பக்கத்தில் இன்னொரு சோடியை விடமாட்டா; வேறு இனம் என்றால் பொறுத்துக்கொள்ளும்.

மூன்றாம் ஆண்டுதான் அம்மா வந்தார்கள்.

மன்னார்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அறுவடை முடிந்ததும் நெற்கதிர்களைக் கொத்தாகக் கட்டி வாசல் உத்தரத்தில் தொங்கவிடுவது அம்மாவுக்கு வழக்கம், அது குருவிக்கு. ஓட்டுவீடாக இருந்த காலத்தில் சுவரில் மாட்டிய படங்களுக்குப் பின்னாலும், ஓட்டுச்சந்திலும், மின்விளக்குப் பட்டியின் மேலும் குருவிகள் கூடு கட்டும். குஞ்சு விழுந்தால் எடுத்து ஏணி போட்டு வைப்போம். குருவி கட்டியிருக்கிறது என்பதற்காகவே ஒரு தீபாவளிக்கு அந்தச் சுவரை மட்டும் வெள்ளையடிக்காமல் விட்டார் அப்பா. பழந்தமிழ்ப் புலவர்கள் மனையுறை குருவி என்று அதற்குப் பெயர் சொன்னார்கள். எங்களுக்கு அது சொல்லாக இல்லாமல் கூடத்தில் இருந்த உறவாக இருந்தது. ஓட்டை இறக்கிவிட்டுத் தளம் போட்ட ஆண்டோடு குருவிகள் போய்விட்டன. அம்மா அதைச் சொல்லும்போதெல்லாம் தான் யாரையோ வீட்டைவிட்டு அனுப்பிவிட்டதுபோலவே சொல்வார்கள்.

மார்ச் கடைசியில் இங்கு வந்து சேர்ந்த மறுநாளே, காலையில் கொல்லைக் கதவைத் திறந்து ஒரு கைப்பிடி நொய்யரிசியைப் புல்வெளியில் இறைத்தார்கள். மூன்றாம் நாள் குருவிகள் வந்தன. ஒரு வாரத்தில் இருபதுக்கு மேல். அம்மாவின் முகத்தில் பல ஆண்டுகளாக நான் காணாத மகிழ்ச்சியைக் கண்டேன். “என்னடா, நம்ம ஊர்க் குருவி இங்கே வந்து இருக்கே! அதே கறுப்புக் கழுத்து!” என்று சொல்லி, பேத்தியைத் தூக்கத்திலிருந்து எழுப்பிக் கொண்டுவந்து காட்டினார்கள். என் மகள் அப்பாயியின் மடியில் உட்கார்ந்து ஆணையும் பெண்ணையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டாள்.

எனக்குத் தெரியும். நொறுங்கிய அரிசி, ரொட்டித்துண்டு, தினை, உடைத்த சோளம் ஆகியவை கூட்டுப்பெட்டி இருக்கும் தோட்டத்தில் போடக்கூடாதவை என்று ஓராண்டுக்கு முன்பே அறிந்திருந்தேன். நீலப்பறவை தானியம் தின்பதில்லை. தாழ்ந்த கிளையிலோ வேலியிலோ உட்கார்ந்து, புல்லில் நகரும் வெட்டுக்கிளியையும் வண்டையும் புழுவையும் கண்டு இறங்கிப் பிடிப்பது அதன் பழக்கம். ஆகவே இறைத்த ஒவ்வொரு நொய்யும் குருவிக்கு மட்டுமே. அவை தின்றுவிட்டுப் போவதில்லை, தங்கி இடம் தேடும். ஒன்றரை அங்குலத் துளை ஸ்டார்லிங்கைத் தடுக்கும், குருவியைத் தடுக்காது; ஒன்றேகால் அங்குலமே குருவிக்குப் போதும். ஒன்றே அரைக்கால் அங்குலமாகக் குறைத்தால் குருவி நுழையாது, சிக்கடியும் ஹவுஸ் ரென் என்ற சிறு பறவையும் நுழையும். ஆனால் நீலப்பறவையும் நுழைய முடியாது. எந்த அளவு வாசல் வைத்தாலும் நீலப்பறவையை விட்டுக் குருவியை மட்டும் நிறுத்த வழியில்லை. இவ்வளவும் அறிந்தும் அம்மாவிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஏப்ரல் நடுவில் பெட்டியில் ஐந்து நீல முட்டைகள் இருந்தன. பெண் அடைகாக்கத் தொடங்கி ஒன்பது நாட்கள். அலுவலக வேலையாக மூன்று நாள் வெளியூர் போய்த் திரும்பியபோது, ஆண்பறவை கம்பியில் உட்கார்ந்திருந்தது. அலகில் ஒரு புழு. கீழே இறங்கவில்லை, பெட்டிக்குப் போகவில்லை, அதே இடத்தில் இருந்துகொண்டு அந்த மெல்லிய குரலில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. பெட்டியின் பக்கக் கதவைத் திறந்தேன். மேலே தாறுமாறாகத் திணித்த வைக்கோலும் கோழியிறகும் ஒரு பிளாஸ்டிக் துண்டும் இருந்தன. அவற்றை விலக்கியதும் அவள் தெரிந்தாள். உச்சந்தலையில் இறகே இல்லை, கண்ணும் போயிருந்தது. முட்டைகள் அவளுக்கு அடியில் சில்லிட்டுக் கிடந்தன. குருவி துளையை அடைத்து நின்றால் உள்ளே இருக்கும் பறவைக்குத் தப்ப இடமில்லை. கொன்ற பிறகு அதன் மேலேயே தன் கூட்டைக் கட்டத் தொடங்கியிருக்கிறது.

பின்னால் அம்மா வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “அந்தக் குருவியா?” என்று மட்டும் கேட்டார்கள். ஆமாம் என்றேன். வேலியோரத்தில் நானும் அம்மாவும் சேர்ந்து அவளைப் புதைத்தோம். மறுநாள் காலையில் நொய் வைத்திருந்த பித்தளைப்படி கொல்லைக் கதவுக்குப் பக்கத்தில் அப்படியே இருந்தது. “குருவியைத் திட்டாதே. அதுக்கு வீடு வேணும், அது பிடிச்சிக்கிச்சு. கூப்பிட்டது நான்” என்றார்கள். கூப்பிட்டவர்கள் அம்மா மட்டும் இல்லை என்று நான் சொன்னேன். சொல்ல வேண்டியதை மூன்று வாரங்களுக்கு முன்பே சொல்லாமல் இருந்தவன் நான்.

இந்த நாட்டில் 1918 ஆம் ஆண்டின் வலசைப் பறவைகள் ஒப்பந்தச் சட்டத்தின்படி, இந்நாட்டுக்கே உரிய பறவைகளில் பெரும்பாலானவற்றின் முட்டையையும் முட்டையுள்ள கூட்டையும் குலைக்கக் கூடாது. பக்கத்துப் பெட்டிக்குள் புகுந்து முட்டைகளைக் குத்திப்போடும் ஹவுஸ் ரென்கூட, தன் கூட்டில் முட்டையிட்டுவிட்டால் நாம் கைவைக்க முடியாது. அதை விரும்பாதவர்கள் பெட்டியைப் புதர்களிலிருந்து தள்ளித் திறந்தவெளியில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். வந்தேறியான சிட்டுக்குருவிக்கும் ஸ்டார்லிங்குக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை. பெட்டிக்குள் பொருத்தும் பொறிகள் விற்கின்றன. பிடித்த குருவியைக் கொன்றுவிடுவது இங்கு நீண்டகாலம் பெட்டி பராமரித்த பலரின் வழக்கம். அவர்களைக் குறைசொல்ல நான் ஆள் இல்லை. நான் பார்த்ததை நூறு முறை பார்த்தவர்கள் அவர்கள். ஆனால் ஏணி போட்டுக் குஞ்சை ஏற்றிவிட்ட கையால் அந்தக் கழுத்தைத் திருக என்னால் முடியவில்லை. கொல்லாமல் காக்க வேண்டுமானால் அதைவிடக் கூடுதலாக உழைக்க வேண்டும் என்று ஏற்றுக்கொண்டேன்.

அந்த உழைப்பு என்ன என்பதை விவரமாகவே சொல்கிறேன், பெட்டி வைக்க நினைப்பவர்களுக்கு உதவும். முதலாவது தானியத்தை நிறுத்தினேன். குளிர்காலத்துக்கு டாக்வுட், ஹாலி போன்ற கனி தரும் உள்ளூர் மரங்களை நட்டேன், கடுங்குளிரில் மட்டும் ஒரு தட்டில் மீல்வார்ம் புழுக்கள் வைக்கிறேன். குருவி கூட்டம் கூடுவது வீட்டுக் கூரையோரங்களிலும் மாட்டுத்தொழுவத்தைச் சுற்றியும்தான் என்பதால், பெட்டியை வீட்டிலிருந்து இன்னும் விலக்கி, வயல் ஓரத்துக்குக் கொண்டுபோனேன். வசந்தத்துக்கு முன்னரே குருவி பெட்டியில் நிலைகொள்ளப் பார்த்தால் துளையைத் துணியால் அடைத்துவிட்டு, நீலப்பறவைகள் சுற்றத் தொடங்கியதும் திறக்கிறேன். ஆண்குருவிக்குப் பற்று தன் துணையைவிடத் தான் பிடித்த பொந்தின் மேல்தான். வைக்கோலை எத்தனை முறை எடுத்தெறிந்தாலும் திரும்பக் கொண்டுவரும், சில சமயம் ஆத்திரத்தில் பக்கத்துப் பெட்டியைத் தாக்கும். ஆகையால் பக்கத்தில் வேறு பறவையின் முட்டை இருக்கும்போது அதன் கூட்டைக் கலைப்பதைவிடப் பெட்டியையே சில நாட்கள் கழற்றிவிடுவது நல்லது.

இவை எல்லாவற்றையும்விட எனக்குக் கைகொடுத்தது ஜிகினாப் பட்டை. பெட்டியின் பின்பக்கம் ஒரு குச்சியை நிறுத்தி, கூரைக்கு மேலே குறுக்குச் சட்டம் பொருத்தி, அதிலிருந்து பளபளக்கும் மைலார் என்ற பிளாஸ்டிக் தாளை ஓர் அங்குல அகலப் பட்டைகளாக, கூரையைத் தொட்டும் தொடாமலும் காற்றில் அசையும்படி தொங்கவிட வேண்டும். குருவிக்கு அந்த அசைவும் மினுமினுப்பும் பிடிப்பதில்லை, நெருங்காது. நீலப்பறவைக்கும் முதலில் அச்சம்தான், ஆனால் உள்ளே முட்டை இருந்தால் அந்த அச்சத்தை மீறிப் போகும். அதனால் முதல் முட்டை விழுந்த பிறகுதான் கட்ட வேண்டும், அதற்கு ஒருநாள் முன்னால்கூடக் கூடாது. கட்டியவுடன் தொலைவில் நின்று, ஒரு மணிநேரத்துக்குள் பெண் உள்ளே போகிறாளா என்று பார்க்க வேண்டும். போகாவிட்டால் கழற்றிவிட வேண்டும். குஞ்சுகள் பறந்ததும் கட்டாயம் கழற்றிவிட வேண்டும், இல்லையெனில் குருவிக்கும் அது பழகிப்போகும்.

மற்றபடி வாரத்துக்கு இருமுறை மதியத்தில் பெட்டியைத் திறந்து பார்க்கிறேன். மனிதக் கை பட்டால் தாய் கூட்டை விட்டுவிடும் என்று ஊரில் சொல்வார்கள், அது உண்மையன்று. பக்கத்தில் போகும்போது பெட்டியை மெல்லத் தட்டினால் அவள் தானாகவே வெளியே போவாள், ஒரு நிமிடத்தில் வேலையை முடித்துக்கொள்ளலாம். அடைகாத்தல் 12 முதல் 14 நாள். பொரிந்த குஞ்சு கண் மூடிய, சிவந்த தோல். ஒரு வாரத்தில் இறகுக்குழல் நீலமாக முளைக்கும். பன்னிரண்டாம் நாளுக்குப் பிறகு கதவைத் திறக்கவே கூடாது, பயந்து முன்னதாகவே குதித்துவிடும், பறக்கத் தெரியாது. பெற்றோர் குஞ்சுகளின் எச்சத்தை வெள்ளை உறைபோல வாயில் எடுத்துத் தொலைவில் போடுவதைப் பார்த்தால், உள்ளே எல்லாம் நன்றாக நடக்கிறது என்று பொருள். ஏப்ரலில் குளிர்மழை தொடர்ந்து பெய்து கூடு நனைந்தால் இறகில்லாத குஞ்சுகள் குளிரில் இறந்துவிடும். அப்போது காய்ந்த புல்லால் அதே வடிவில் புதுக்கூடு அமைத்து மாற்றிவைக்கலாம். இரத்தம் குடிக்கும் நீலஈப் புழுக்கள் கூட்டின் அடியில் பெருகினாலும் அதேதான். மருந்து எதுவும் தூவக் கூடாது. புல்வெளிக்கும் தெளிக்கக் கூடாது, ஏனென்றால் அந்தப் புல்லில் இருக்கும் புழுதான் குஞ்சின் வாய்க்குப் போகிறது.

நான்காம் ஆண்டில் ஐந்து முட்டையும் பொரிந்து, பதினெட்டாம் நாள் காலையில் ஒவ்வொன்றாகப் போயின. கடைசிக் குஞ்சு துளையில் பாதி உடம்போடு நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தது. எதிர்மரத்திலிருந்து பெற்றோர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தனர். சூன் மாதத்தில் அதே சோடி இரண்டாம் முறை முட்டையிட்டது. அதற்குப் பொரிந்த குஞ்சுகளுக்கு, மார்பில் புள்ளி மாறாத முதல் ஈட்டுக் குஞ்சு ஒன்று பச்சைப்புழு கொண்டுவந்து ஊட்டியதை என் மகள்தான் முதலில் பார்த்தாள். அண்ணனோ அக்காவோ தெரியாது, ஆனால் ஒருநாளில் பதினொரு முறை வந்ததாக நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். அதைத் தொலைபேசியில் அப்பாயிக்கு இரண்டு முறை படித்துக் காட்டினாள்.

ஊரில் குருவிக்கு என்ன ஆயிற்று என்பதையும் இதற்கிடையே படித்துப் பார்த்தேன். கைபேசிக் கோபுரம்தான் காரணம் என்று எல்லோரும் சொல்கிறார்கள்; அதற்கு உறுதியான சான்று இல்லை. 2020 இல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் சிட்டுக்குருவியின் எண்ணிக்கை ஏறத்தாழ நிலையாக இருக்கிறது என்றும், பெருநகரங்களில்தான் குறைந்துவருகிறது என்றும் சொன்னது. எங்கள் தெருவைப் பொறுத்தவரை சந்தும் பொந்தும் இல்லாத தளவீடுகள்தாம் காரணம் என்று எனக்குத் தோன்றியது. அடுத்த தெருவில் பழைய நெல்மண்டியின் ஓட்டுக்கூரையில் இன்னும் குருவிகள் இருந்தன.

சென்ற தை மாதம் ஊருக்குப் போனபோது, தச்சரிடம் சொல்லி மூன்று பெட்டிகள் செய்தேன். பூவரசம்பலகை, உட்காரும் குச்சி இல்லை, காற்றுப் போக இடைவெளி, திறந்து சுத்தம் செய்யக் கதவு. துளை மட்டும் ஒன்றேகால் அங்குலம், மைனா நுழையாது. தச்சர் ஒன்றரையாகப் போட்டுவிடலாம், துளையிடும் கருவி அந்த அளவில்தான் இருக்கிறது என்றார். வேண்டாம் ஐயா என்று சொல்லி, மன்னார்குடிக் கடைத்தெருவில் தேடி வேறு கருவி வாங்கிக் கொடுத்தேன். மேற்கு வெயில் படாத சுவரில், பூனை எட்டாத உயரத்தில் மூன்றையும் மாட்டினோம். பக்கத்தில் அம்மா நெற்கதிர்க் கொத்தைக் கட்டினார்கள்.

பங்குனியில் ஒருநாள் இங்கே இரவு பத்தரை மணிக்குத் தொலைபேசி அடித்தது. அங்கே விடிந்து எட்டு மணி. “கறுப்புக் கழுத்துக்காரன் வந்துட்டான்டா. நடுப்பெட்டிக்குள்ள வைக்கோலை இழுத்துக்கிட்டுப் போறான், பாதி வெளியே தொங்குது” என்றார்கள் அம்மா. அருகில் போகாமல் நின்று பார்க்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் அம்மா பேசவில்லை. குருவியின் சத்தம் மட்டும் கேட்டது. மறுநாள் மதியம் கொல்லைக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தபோது புல்கிண்ணத்தின் நடுவில் ஒரே ஒரு நீல முட்டை இருந்தது. கொட்டகைக்குப் போய் ஜிகினாப் பட்டைகளை எடுத்துவந்து, சிக்கல் பிரித்து, கூரையின் மேல் கட்டினேன். பிறகு சன்னலுக்கு வந்து நின்று, அவள் உள்ளே போகும்வரை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்திரண்டு நிமிடம் ஆயிற்று.